நல்ல ஆலோசனை கிட்டும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. மலேசியாவின் ஈப்போவிலிருந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி ஊழியத்துக்காகக் கேரளத்து மட்டாஞ்சேரிக்கு வந்தார்கள்.
2. மாதக்கணக்கில் ஒருவரும் அவர்கள் கதவைத் தட்டவில்லை.
3. ஆண்டி பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.
4. நான் ஜெபம் பண்ணினேன்.
5. அங்கிள் ஒரு பலகை எழுதி மாட்டினார்.
6. அவர்கள் வீட்டு மாடிப்படியில் நிற்க இடமில்லாமல் போனது.
7. அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தார்.

ஆறாவது நடந்ததற்குக் காரணம் நாலாவதா, ஐந்தாவதா என்று கேட்டால் என் வேலை இடத்தில் ஒரு பதில் வைத்திருப்பார்கள். தோப்பும்படியில் இறால் பதப்படுத்தும் ஒரு கம்பெனியில் குளிர் அறைகளின் வெப்பநிலைக் கருவிகளும் அலாரங்களும் என் பொறுப்பு. எது எதனால் நடந்தது என்று கண்டுபிடித்து எழுதித் தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் 'நாலு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். காரணத்தை விசுவாசிகளாகிய உங்களிடம் சொல்ல வேண்டும்.

என் பெயர் பெனிட்டா. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு இங்கே வந்தவர். மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ச் சபை ஒரு காலத்தில் வாடகை மண்டபம் நிறைய இருந்ததாகச் சொல்வார்கள். பிள்ளைகள் மலையாளத்தில் படித்தோம். பலர் துபாய்க்கும் கனடாவுக்கும் போனார்கள். மிஞ்சியவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவராவில் இருக்கிற பெரிய சபைக்குப் போகிறோம். மட்டாஞ்சேரியில் மறுபடியும் ஒரு வீட்டு ஜெபம் தொடங்க வேண்டும் என்று சபையில் தீர்மானித்து, மலேசியாவில் இருக்கும் எங்கள் சகோதர சபையிடம் ஊழியர் கேட்டார்கள். சாமுவேல் அங்கிளும் ரூபி ஆண்டியும் வந்தார்கள். வெளிநாட்டு ஊழியர் என்று கிட்டாரோடு ஓர் இளைஞரை எதிர்பார்த்து விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். அங்கிள் கையில் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது.

எனக்கு இரண்டு மொழியும் தெரியும், சிம் கார்டும் கேஸ் சிலிண்டரும் வாங்கித் தரத் தெரியும் என்பதால் பாஸ்டர் அவர்களை என் பொறுப்பில் விட்டார்.

பஜார் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் அவர்களுக்கு வீடு. செங்குத்தான மரப்படி. கீழே பின்பக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர் ஓமன சேச்சியும் அவர் மகன் சஜியும் இருக்கிறார்கள். சஜி ஆட்டோ ஓட்டுகிறார்.

முதல் நாள் காலையிலேயே தொடங்கிவிட்டது. ஓமன சேச்சி கீழேயிருந்து, "வெள்ளம் வந்நு, வெள்ளம் வந்நு, வேகம் வா" என்று கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவது நினைத்த நேரத்தில்தான். வந்தால் முதலில் பார்க்கிறவர் எல்லோருக்கும் சொல்வது வழக்கம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ஈப்போவில் வெள்ளம் என்றால் வெள்ளம்தான். அங்கிள் பாஸ்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஆண்டி ரைஸ் குக்கரைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார். இருவரும் கட்டிலில் ஏறி நின்று ஜெபித்துக்கொண்டிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன்.

"தண்ணி எது வரைக்கும் ஏறிருக்கும்மா?" என்று அங்கிள் கேட்டார்.

"குழாய் வரைக்கும் அங்கிள்," என்றேன். அதற்குள் அதுவும் நின்றுவிட்டிருந்தது.

அடுத்த வாரம் காடி. மலேசியத் தமிழர்கள் காரைக் காடி என்கிறார்கள். மலையாளத்தில் காடி என்பது மாட்டுக்கு வைக்கிற கழுநீர். தேவராவுக்கு ஆராதனைக்குப் போக வண்டி பிடிப்பதற்காக அங்கிள் மூலைச் சாயாக்கடையில் விசாரித்திருக்கிறார்.

"தம்பி, நல்ல காடி ஒண்ணு வேணும். நானும் வீட்டுக்காரம்மாவும்."

"ரெண்டு பேர்க்கும் காடியோ?"

"ஆமா. ஏசி போட்டிருந்தா இன்னும் நல்லது."

கடைக்காரர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு இரண்டு கிளாஸ் சாயா போட்டு, காசு வாங்காமல் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். கேரளத்தில் மக்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று அங்கிள் அன்று சபையில் சாட்சி சொன்னார்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து இருவரும் ஜெபிப்பார்கள். ஈப்போவில் மணி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட இடைவேளையில் வீடியோவில் கூப்பிடும் நேரமும் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் பல நாள் ஒன்றாகிவிடும். ஆண்டி போனைச் சோப்புப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு வாளி நிரப்புவார். பேரப்பிள்ளைகள் அதிகம் பார்த்தது பாட்டியின் முழங்கையைத்தான். பிறகு படகு ஜெட்டி வரை நடை. மீன். அதை மிளகாய்ச் சம்பல் போட்டு ஆண்டி வறுக்கும்போது, சுக்கு வாசனைக்குப் பழகிய கிடங்குத் தொழிலாளிகளே கீழே இருமுவார்கள். யார் போனாலும் ஆண்டி கேட்பது ஒன்றுதான்: "பசியாறியாச்சா?" காலைச் சாப்பாட்டை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அங்கிள் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். எழுத்தென்றால் உயிர். கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து மலையாள எழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டார். "எழுத்துதாம்மா வேற. உள்ள இருக்கிறது நம்ம தமிழ்தான்," என்பார். மாலையில் இருவரும் பழைய விசுவாசிகளின் வீடுகளைத் தேடிப் போவார்கள். சில வீடுகளில் ஆள் மாறியிருக்கும். சில வீடுகளில், "மோன் ஊரில் இல்ல, பின்னே வா" என்பார்கள். மகன் ஊரில் இல்லை, அப்புறம் வா என்று தட்டிக்கழிப்பது அது. இவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள். மறுநாள் மறுபடியும் போவார்கள்.

ஞாயிறு மாலை வீட்டு ஜெபத்துக்கு அங்கிள் நாற்காலிகளைப் போட்டு வைப்பார். நான் வருவேன். அம்மாவுக்கு முட்டு வலி, அந்தப் படி ஏற முடியாது என்பார். வேறு யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் பாஸ்டருக்குப் போனில் விவரம் சொல்ல வேண்டும். அங்கிள் கூட்டிச் சொல்லத் தெரியாதவர்.

"இந்த வாரம் வந்தவங்க ஒருத்தரும் இல்ல, பாஸ்டர்."

"மீன்காரர் வந்தாரே, அவரைச் சொல்லுங்க லா," என்பார் ஆண்டி பக்கத்திலிருந்து, ஈப்போப் பேச்சின் 'லா'வோடு.

"அவர் ஜெபத்துக்கு வரல, ரூபி."

"நம்ம ஜெபிக்கிறப்போ கதவுகிட்ட நின்னார்ல."

ஆண்டி வேடிக்கையாகப் பேசுவதை வைத்து அவர் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். ஒரு நாள் போனபோது பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. மடித்த புடவைகள் பாதி உள்ளே இருந்தன.

"மகளை டிக்கெட் போடச் சொல்லிட்டேன்மா," என்றார். குரல் உயரவில்லை. "ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில நான் நர்ஸா இருந்தேன், தெரியுமில்ல? காலையில கதவத் திறந்தா வாசல்ல வரிசையா உக்காந்திருப்பாங்க. ரிட்டயர் ஆன பிறகும் வீடு தேடி வருவாங்க. இங்க வந்து இத்தனை மாசம். வாசல்ல ஒரு செருப்புக் கூட இல்ல. ஆண்டவர் என்னைத் தப்பான வீட்டுக்கு அனுப்பிட்டார் போல."

அங்கிள் ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்க் கடைப் பலகையை வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே படித்த பலகைதான்.

ஆண்டி போனால் அங்கிளும் போவார். வீட்டுச் சாவி ஓமன சேச்சியிடம் போகும். மட்டாஞ்சேரியில் ஜெபவீடு என்ற பேச்சு அத்தோடு முடியும். சபைக்கு அது நஷ்டம். ஆனால் அன்றைக்கு எனக்குச் சபை நினைவுக்கு வரவில்லை. வாழ்க்கை முழுவதும் பிறருக்குத் தேவைப்பட்ட ஒருவர், தான் யாருக்கும் தேவையில்லை என்ற நினைப்போடு விமானம் ஏறப்போகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாஸ்டரிடம் சொன்னேன். சனிக்கிழமை நேரில் வந்து பேசி முடிவு செய்யலாம் என்றார்.

மறுநாள் மதியம் வேலை இடத்தில் இயந்திர அறைக்குள் போய் நின்றேன். கம்ப்ரசர் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அங்கே நின்று அழுதேன். எனக்குத் தெரிந்தபடி வரிசையாகக் கேட்டேன். ஒன்று, யாராவது ஒருவர் ஆண்டியின் கதவைத் தட்ட வேண்டும். இரண்டு, நான் சொல்லி வரக் கூடாது, தானாக வர வேண்டும். மூன்று, வந்தவர் மறுபடியும் வர வேண்டும். ஆமென்.

எதற்காக வர வேண்டும் என்று நான் குறிப்பிடவில்லை. குறிப்பில் ஒரு இடத்தைக் காலியாக விட்டால் அங்கே எது வேண்டுமானாலும் வந்து நிற்கும் என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலையே கம்பெனியிலிருந்து என்னைக் கொல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்குள்ள குளிர் அறையில் அலாரம் ஓயாமல் அடிக்கிறது, சரிசெய்யாமல் திரும்பக் கூடாது என்று உத்தரவு. நான் ஊரில் இல்லாத அந்த நாட்களில் அங்கிள் ஒரு மரப் பலகை வாங்கி, தன் கையால் மலையாளத்தில் எழுதி, சந்தின் வாசலில் மாட்டினார்.

இரண்டு நாளில் ஆண்டி எனக்குப் போன் பண்ணினார். அவர் குரலே வேறாக இருந்தது.

"பெனிட்டா, இன்னிக்கு மூணு பேரு வந்தாங்க லா."

"யார் ஆண்டி?"

"எல்லாம் அம்மாமாருங்க. ஓமன சேச்சிதான் முதல்ல. மகன்களுக்காக வந்திருக்காங்க. போட்டோ எல்லாம் கொண்டு வந்தாங்க. ஜெபிக்கிறதுக்கு லேசா இருக்கும்னு போல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

"ஒண்ணுதாம்மா புரியல," என்றார் ஆண்டி. "போட்டோவுக்குப் பின்னால உயரம் எழுதிருக்காங்க. கேரளாவில ஜெபிக்கிறதுக்கு உயரமும் சொல்லணுமா?"

நான் அப்போது ஏணியில் நின்று ஒரு சென்சரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவரவர் விசுவாசம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளும் போன் வந்தது. ஆட்கள் கூடியிருந்தார்கள். ஆண்டி அவர்களிடம் தமிழில் மெதுவாகப் பேசினார், அவர்கள் ஆண்டியிடம் மலையாளத்தில் மெதுவாகப் பேசினார்கள். பாதி புரியும். மீதிப் பாதியில்தான் எல்லாம் நடந்தது. ஆண்டி நர்ஸ் இல்லையா, மகனுக்காக வந்திருக்கிறோம் என்றதும் வழக்கமான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். சாப்பாடு சரியாகச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, குடிப்பழக்கம் உண்டா, கோபம் வருமா, வயிறு எப்படி. வயிறு வரைக்கும் விசாரிக்கிறார்கள், இவர்கள் மற்றவர்களைப் போல இல்லை என்று பஜார் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் கொல்லத்திலிருந்து வந்து, வைட்டிலாவில் பஸ் மாறி, பையோடு நேராகச் சந்துக்குப் போனேன். பலகையை அப்போதுதான் பார்த்தேன். அழகான கையெழுத்து. ஒரு எழுத்துப் பிழை இல்லை. தமிழ் எழுத்தில் சொன்னால் இப்படி இருந்தது:

'நல்ல ஆலோசன கிட்டும். பைசா வேண்டா. குடும்பமாயிட்டு வராம்.'

நமக்கு ஆலோசனை என்றால் வழி சொல்வது. சபையில் அடிக்கடி சொல்கிற சொல். அதே சொல் மலையாளத்திலும் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு வீட்டுக்கு 'ஆலோசன வந்நு' என்றால் பெண்ணோ பிள்ளையோ கேட்டு ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல வரன் கிடைக்கும், கட்டணம் இல்லை, குடும்பத்தோடு வரலாம் என்று அங்கிள் ஊருக்கு அறிவித்திருந்தார்.

மரப்படியின் அடியில் செருப்புகள் குவிந்திருந்தன. படியில் ஆட்கள் கவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து நாலாவது படியில் என் அம்மா.

"நீ எதுக்கும்மா இங்க நிக்க?"

"நிக்கக் கூடாதோ? ஊரே நிக்கி."

"முட்டு வலின்னு ஞாயித்துக்கிழம வரமாட்ட. இப்ப எப்படி ஏறின?"

"மெல்ல ஏறினேன்."

"கவர்ல என்ன?"

"உன் போட்டோவும் வெவரமும்."

"அம்மா, இவிய நம்ம சபை அங்கிளும் ஆண்டியும். கல்யாணத் தரகர் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா போர்டு தொங்குதுல்லா. ஊழியக்காரவிய பொய் எழுதுவாவளா?"

"எந்த போட்டோ?" என்று கேட்டேன்.

"உன் கம்பெனி கார்டுல உள்ளது. அதுல சிரிக்கல, ஆனா முழிச்சிருக்க."

அந்த நேரத்தில்தான் பாஸ்டர் வந்தார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். தேவராவுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, மலையாளம் இன்னும் பிடிபடவில்லை. ஜெபவீட்டை மூடுவதைப் பற்றிப் பேச வந்தவர், செருப்புகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த, சரக்குப் படகு ஓட்டி ஓய்ந்த வர்க்கி சேட்டனிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, எல்லாரும் எதுக்கு வந்திருக்கீங்க?"

"ஆலோசனைக்கு," என்றார் வர்க்கி சேட்டன்.

பாஸ்டர் வானத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். "இவ்வளவு பேரும் ஆலோசனை தேடியா?"

"பின்னே. நிங்ஙளோ? மோனோ, மோளோ?"

மகனா மகளா என்ற கேள்வி பாஸ்டருக்குப் புரிந்தது. எதற்காகக் கேட்கிறார் என்பது புரியவில்லை. கையை நீட்டிக் கூட்டம் முழுவதையும் காட்டினார். "எல்லாருமே என் பிள்ளைகள்தான், ஐயா."

வர்க்கி சேட்டன் கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு ஆறுதலாக, "சாரமில்ல. ஓரோருத்தராயிட்டு நோக்காம்," என்றார். பரவாயில்லை, ஒவ்வொருவராகப் பார்க்கலாம் என்று.

நான் பாஸ்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிப் போனேன். உள்ளே ஆண்டி அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். பெட்டி அதே கட்டிலில்தான் கிடந்தது. அங்கிளிடம் அந்தச் சொல்லின் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் முகம் சிறுத்துப்போனது.

"அப்போ நான் ஊரை ஏமாத்திட்டேன்," என்றார்.

ஆண்டி அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அவங்க நமக்காக வரல," என்றார். அவர் கண்கள் பெட்டிப் பக்கம் போனதைப் பார்த்தேன். ஆண்டவரே, இதைவிட யாருமே வராமல் இருந்திருக்கலாமே என்று மனசுக்குள் கேட்டேன். அதுவும் ஜெபம்தான்.

அங்கிள் சட்டையைச் சரிசெய்துகொண்டு படியின் உச்சியில் போய் நின்றார். நான் பக்கத்தில் நின்று மலையாளத்தில் சொன்னேன்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். இந்தப் பலகை நான் எழுதினது. எங்க ஊர்ல ஆலோசனைன்னா, மனசு கஷ்டத்தில இருக்கிறவங்களுக்கு வழி சொல்றது. கல்யாணம் இல்ல. எங்களுக்கு இந்த ஊர்ல கல்யாண வயசுல ஒரு பையனையும் தெரியாது. ஒரு பொண்ணையும் தெரியாது. பெனிட்டாவைத் தவிர."

இதையும் நானேதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. படி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா கவரை நிமிர்த்திப் பிடித்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஓமன சேச்சி நடுப்படியிலிருந்து பேசினார்.

"அது அறியாம், சாரே." அது தெரியும் என்று.

"தெரியுமா? எப்போ?" என்றார் அங்கிள்.

"ஆத்யத்தெ திவசம் தன்னே. பிரோக்கர் ஆணெங்கில் ஆத்யம் பைசா சோதிக்கும். ஆண்டி சோதிச்சது சஜி உறங்ஙாறுண்டோ என்னு. பின்னே என்னோடு, நீ உறங்ஙாறுண்டோ என்னு. அவன்றெ அச்சன் போயதில் பின்னே அது என்னோடு ஆரும் சோதிச்சிட்டில்ல."

முதல் நாளே தெரிந்துவிட்டது. தரகர் என்றால் முதலில் பணம் கேட்பார். ஆண்டி கேட்டதோ சஜி தூங்குகிறாரா என்று. அப்புறம் சேச்சியையே பார்த்து, நீ தூங்குகிறாயா என்று. புருஷன் போன பிறகு சேச்சியிடம் அதைக் கேட்ட முதல் ஆள் ஆண்டிதான். இதை அங்கிளுக்கும் ஆண்டிக்கும் தமிழில் சொன்னேன்.

"அப்புறம் ஏன் போட்டோ கொண்டு வந்தீங்க?" என்று அங்கிள் கேட்டார்.

"ஒந்நும் இல்லாதெ எங்ஙனெ கேறி வரும்?" என்றார் சேச்சி. ஒரு காரணமும் இல்லாமல் எப்படி அடுத்தவர் வீட்டுப் படியேறி வருவது?

"கோப்பியும் கொள்ளாம்," என்றார் கீழேயிருந்து வர்க்கி சேட்டன். "அது தணுக்கும் மும்பே தந்நால் நந்நு."

கோப்பி நன்றாக இருக்கிறது, ஆறுவதற்குள் தந்தால் நல்லது என்று ஆண்டியிடம் சொன்னேன். ஆண்டி உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவருகே வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கக்கூடிய குரலில், "அடுத்தது யாரு?" என்றார்.

அடுத்தது என் அம்மா. உள்ளே போய் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. வெளியே வந்தபோது அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது, கவர் கையில் இல்லை.

பாஸ்டர் வந்த விஷயத்தைப் பேசவே இல்லை. படியில் இடம் பார்த்து உட்கார்ந்து கோப்பி குடித்தார். வர்க்கி சேட்டன் அவருக்குத் தன் பேத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த வாரத்தில் படியில் முறைக்காகக் காத்திருந்தபோது, ஓமன சேச்சிக்கும் தோப்பும்படியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. கவர்களை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சஜிக்கு அந்த வீட்டுப் பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள். அங்கிளும் ஆண்டியும் செய்தது படியை வாடகைக்கு எடுத்திருந்தது மட்டும்தான். பலகையில் எழுதியது பொய்யில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புள்ளவர்களே, நான் ஆண்டவரிடம் மூன்று கேட்டேன். கதவைத் தட்ட ஆள், தானாக வருகிற ஆள், திரும்ப வருகிற ஆள். மூன்றையும் தந்தார். தருவதற்கு அவர் பயன்படுத்தியது, எழுத்தில் பிழையே இல்லாத ஒரு பிழையை. நல்ல எண்ணத்தோடு நாங்கள் சரியான மலையாளத்தில் 'ஜெபத்துக்கு வாருங்கள்' என்று எழுதியிருந்தால், சந்தில் போகிறவர்கள் மரியாதையாகப் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். துக்கத்தைச் சொல்ல ஒருவர் வீட்டுக்குப் போக மனிதருக்குக் கூச்சம். மகனுக்குப் பெண் பார்க்கப் போகக் கூச்சம் இல்லை. இது எனக்குத் தெரியாது. அங்கிளுக்கும் தெரியாது. தெரிந்தவர் செய்தார்.

முன்பெல்லாம் ஜெபத்தில் எது, எப்போது, எப்படி என்று எல்லாவற்றையும் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன். இப்போது 'எப்படி' என்ற இடத்தைத் தெரிந்தே காலியாக விடுகிறேன். மனசு லேசாக இருக்கிறது. உங்களில் யாராவது, கதவைத் தட்ட ஆளில்லை என்று உட்கார்ந்திருந்தால் நீங்களும் கேளுங்கள். சரியாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். அவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும்.

இப்போதைய நிலை: ஆண்டி போகவில்லை. டிக்கெட் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டார். இருவருக்கும் விசா நீட்டிக்க விண்ணப்பித்திருக்கிறோம், பதில் வரவில்லை. சனிக்கிழமை மாலையில் படியில் ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிறு ஜெபத்துக்கு அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் தவறாமல் வருகிறார்கள். நாற்காலி போதவில்லை.